குழந்தை வளரும் வீட்டுக்கு எந்தத் தண்ணீர்ச் சாதனம்? ஒரு மதிப்புரை

குடிநீரைச் சுத்தம் செய்யும் சாதனங்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன: எத்தனை கிருமிகளைக் கொல்கிறது, மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது. தவழும் குழந்தையோ, எதையாவது பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தையோ இருக்கும் வீட்டில் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அந்தச் சாதனம் வீட்டுக்குள் வந்தபின் குழந்தைக்குப் புதிதாக என்ன ஆபத்து வந்து சேர்கிறது என்பதே அது. சுடுதண்ணீர்ப் பாத்திரம், வாளி, குளோரின் பாட்டில், பட்டன் பேட்டரி என்று எதை எடுத்தாலும், நோயைத் தடுக்க வாங்கிய பொருளே காயத்துக்கு வழி திறந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீடு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 17 லட்சம் பேரின் இறப்புக்குச் சுற்றுச்சூழல் காரணமாகிறது என்கிறது. அதில் தண்ணீரும் சுகாதாரமும் சரியில்லாததால் வரும் வயிற்றுப்போக்குக்கு 3,61,000 இறப்புகள்; நஞ்சு உட்கொள்ளுதல், விழுதல், நீரில் மூழ்குதல் போன்ற தற்செயல் காயங்களுக்கு 2,00,000 இறப்புகள். இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் விற்பனையாளர்களுக்கும் இல்லை, வாங்குபவர்களுக்கும் இல்லை. அதனால் இங்கே ஒவ்வொரு சாதனத்தையும் கிருமி, காயம் என்ற இரண்டு பக்கமும் வைத்தே பார்க்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தை உள்ள வீட்டில் முதலில் வாங்க வேண்டியது விலையுயர்ந்த மின்சாரச் சுத்திகரிப்பான் இல்லை. இறுக்கமான மூடியும் குழாயும் உள்ள ஒரு சாதாரணத் தண்ணீர் கேன். ஏன் என்பதற்கு வருவதற்கு முன், எதுவும் வாங்காமலே செய்யக்கூடிய முறையைப் பார்த்துவிடுவோம்.

கிருமிகளைக் கொல்வதில் கொதிக்கவைத்தலுக்கு ஈடு இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் நீடித்தால் போதும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் மூன்று நிமிடம். பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்குக் கட்டுப்படாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என எல்லாவற்றுக்கும் இது போதுமானது. ஆனால் இந்த முறையின் பலவீனம் அடுப்பை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது. பத்து லிட்டர் கொதிநீர் உள்ள பாத்திரம் ஆறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். அத்தனை நேரமும் அது பெரும்பாலும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். 60 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் பெரியவர்களின் தோலையே சுமார் ஐந்து விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அந்த அவகாசமும் கிடையாது. (சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பனிக்கட்டியும் பற்பசையும் கூடாது.) ஆறிய தண்ணீருக்கும் பாதுகாப்பு ஏதும் மிஞ்சுவதில்லை, ஒரு கை உள்ளே போனாலே மறுபடியும் அசுத்தமாகிவிடும். நாள் முழுவதும் குடிக்க இப்படிப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுவதைச் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பால்மாவு கரைப்பதற்கு வேண்டிய சிறிதளவு தண்ணீரைக் காய்ச்சுவது வேறு விஷயம்; அதைத் தவிர்க்கக் கூடாது.

இனி அந்தத் தண்ணீர் கேன். ஊற்றிலோ குழாயிலோ நல்லதாகக் கிடைத்த தண்ணீர், குடிக்கும் வாய்க்கு வந்து சேர்வதற்குள் வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போகிறது என்பது இத்துறையினர் நெடுங்காலமாகக் கண்டுவரும் உண்மை. அகலமான வாயுள்ள பாத்திரமும், அதில் முக்கி எடுக்கும் குவளையும், அந்தக் குவளையைப் பிடித்த விரல்களும்தான் இதற்குக் காரணம். கை நுழைய முடியாத குறுகிய வாய், திருகி மூடும் மூடி, அடியில் குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த வழி அடைபடுகிறது. 20 லிட்டர் அளவுள்ள, ஒளி ஊடுருவாத, உணவுத் தரப் பிளாஸ்டிக் கேனையே நான் விரும்புகிறேன். வெளிச்சம் படும் கண்ணாடி போன்ற கேன்களில் பாசி பிடித்துக்கொள்கிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடிவதைத் தவிர அவற்றால் வேறு நன்மை இல்லை.

இவ்வகைக் கேன்களின் தரம் முழுவதும் குழாயில்தான் தெரியும். கடைகளில் இரண்டு வகைக் குழாய்கள் கிடைக்கின்றன. ஒன்று, பக்கவாட்டில் திருப்பும் பிடி. இன்னொன்று, கீழே அழுத்தினால் திறந்து, விட்டால் தானே மூடிக்கொள்ளும் நெம்பு. முதல் வகையை ஒன்றரை வயதுக் குழந்தை எளிதாகத் திருப்பிவிடும். திருப்பியதை மூடத் தெரியாது. இருபது லிட்டரும் தரையில் ஓடி, அந்த ஈரத்தில் முதலில் வழுக்கி விழுவதும் அதே குழந்தைதான். தானே மூடும் நெம்பு வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் வில்லும் ரப்பர் வாஷரும் காலப்போக்கில் தளர்ந்து சொட்டத் தொடங்கும். மாற்று வாஷர் கொடுக்காத கேனை வாங்காதீர்கள். குழாயைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்ற முடிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். குழாயின் உட்புறம் வழவழப்பான படலம் படிவது கேனின் சுவரில் படிவதைவிட முந்திக்கொள்ளும். அதைக் கழற்றித் தேய்க்க முடியாவிட்டால் மற்றபடி எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. இன்னொன்றும் கண்ணில் படும்: குழாய் தன் முகத்தின் உயரத்தில் இருந்தால் குழந்தை அதன் முனையில் வாயை வைத்துச் சப்பும். அதட்டிப் பயனில்லை, உயரத்தை மாற்றுவதே வழி.

உயரத்தை மாற்றும்போது அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. நிரம்பிய 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. அதை ஆடும் முக்காலியின் மேல் வைத்தால், குழாயைப் பிடித்து எழ முயலும் குழந்தையின் மேல் அவ்வளவும் சாயும். கேனுடன் சேர்த்து விற்கப்படும் மெல்லிய கம்பித் தாங்கிகள் பலவும் இந்த நோக்கில் தேறவில்லை. அவற்றின் கால்கள் கேனின் அடிப்பரப்பைவிடக் குறுகலாக இருக்கின்றன. சமையல் மேடையின் உட்பக்கமோ, சுவரோடு திருகு போட்டு இறுக்கிய அலமாரியோதான் சரியான இடம். தாங்கியையே வாங்குவதானால், காலிக் கேனை அதில் வைத்து, குழாயைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே சாய்ந்தால் விட்டுவிடுங்கள்.

கேனுக்குத் துணையாக வருவது குளோரின். திரவமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அளவில் கலந்து 30 நிமிடம் காத்திருந்தால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெரும்பாலான வைரஸ்களும் அழியும். கலங்கல் உள்ள தண்ணீருக்கு அதைப் போல் இரு மடங்கு வேண்டும், அதற்கு முன் தெளியவைத்து வடிகட்டுவது இன்னும் நல்லது. மிஞ்சி நிற்கும் சிறிதளவு குளோரின், கேனுக்குள் பின்னர் ஏதாவது கலந்தாலும் தொடர்ந்து காவல் காக்கும். கொதிக்கவைத்த தண்ணீருக்கோ வடிகட்டிய தண்ணீருக்கோ இந்தப் பலம் கிடையாது. கிரிப்டோஸ்போரிடியத்தை மட்டும் இந்த அளவுக் குளோரின் அசைக்காது. குளோரின் மணம் பிடிக்காமல் குழந்தைகள் தண்ணீரை ஒதுக்குவது உண்டு; இரவே கலந்து வைத்து மறுநாள் கொடுத்தால் மணம் மட்டுப்படும்.

சாதனமாக மதிப்பிடும்போது, திரவக் குளோரின் பாட்டிலின் மூடியே என் கவலை. அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் குழந்தைத்தடுப்பு மூடி எல்லாப் பாட்டில்களிலும் இருப்பதில்லை. இருந்தாலும் அந்தச் சொல் தரும் நம்பிக்கையை அப்படியே ஏற்க முடியாது. இம்மூடிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8317, 42 முதல் 51 மாத வயதுள்ள குழந்தைகளிடம் மூடியைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில் 85 சதவீதம் பேரால் திறக்க முடியாமலும், எப்படித் திறப்பதென்று பேசாமல் செய்துகாட்டிய பிறகு அடுத்த ஐந்து நிமிடத்திலும் 80 சதவீதம் பேரால் திறக்க முடியாமலும் இருந்தால் அந்த மூடி தேறிவிடும். அதாவது, தேறிய மூடியையும் ஐந்தில் ஒரு குழந்தை பத்து நிமிடத்துக்குள் திறந்துவிடலாம். பெரியவர்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டே வளரும் குழந்தைக்குச் செய்துகாட்டல் அன்றாடம் நடக்கிறது. மூடி கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. பாட்டில் பூட்டிய அலமாரியில், உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய கொள்கலனில் வாங்கிக் குடிநீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதைவிட ஆபத்தான பழக்கம் இந்தத் துறையில் வேறில்லை. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அரிக்கும் திரவம் தொண்டையை இரண்டாம் முறையும் புண்ணாக்கும். வாயைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகவே மாத்திரைக்கு என் வாக்கு. தண்ணீரில் கரைந்து குளோரினை வெளிவிடும் சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட் 67 மில்லிகிராம் உள்ள மாத்திரை ஒன்று, தெளிந்த தண்ணீர் 20 லிட்டருக்குப் போதுமானது. அளவு மூடியில் ஊற்றி அளக்கும் தடுமாற்றம் இல்லை. படலத்தில் ஒவ்வொன்றாக அடைத்து வருவதால் ஒரே நேரத்தில் நிறைய வெளியே வருவதும் இல்லை. திரவம் வெயிலிலும் வெப்பத்திலும் மாதங்கள் செல்லச் செல்ல வீரியம் இழக்கும். படலம் கிழியாத மாத்திரை அதைவிட நெடுநாள் தாங்கும். பார்வைக்கு மிட்டாய் போலவோ காய்ச்சல் மாத்திரை போலவோ இருப்பது இதன் குறை. உறையில் பெரிய எச்சரிக்கைப் படம் போடுவதற்குப் பதிலாக நீலத் துளியும் சிரிக்கும் குழந்தையும் வரைந்து விற்கும் நிறுவனங்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வடிகட்டிகளுக்கு வருவோம். பீங்கான் கேண்டில் வடிகட்டி எளிமையானது, மின்சாரம் வேண்டாம், காயத்துக்கு வழியும் குறைவு. நல்ல கேண்டிலின் துளைகள் 0.2 மைக்ரான் அளவில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மலத்தில் காணப்படும் ஈ.கோலை பாக்டீரியா 1 முதல் 2 மைக்ரான் நீளமுள்ளது என்பதால் சிக்கிக்கொள்ளும். ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸ் 0.1 மைக்ரானுக்கும் சிறியது, கேண்டிலைத் தாண்டிவிடும். மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால் பாக்டீரியாவும் தாண்டும். விரிசல் விழுந்தது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் முன்பைவிட வேகமாக இறங்குவதுதான் அறிகுறி. நுண்குழல் சவ்வு உள்ள புவியீர்ப்பு வடிகட்டிகளின் துளை 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை. நல்லவை வைரஸையும் தடுக்கும். வாரந்தோறும் எதிர்த்திசையில் தண்ணீர் செலுத்திக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்பதே இவற்றில் முக்கியக் குறை.

இவற்றின் பெட்டிகளில் ‘99.9 சதவீதம்’ என்ற சொற்றொடர் தவறாமல் இருக்கும். எந்தக் கிருமியில் 99.9 என்பது இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2014 முதல் வீட்டு நீர்ச் சுத்திகரிப்புச் சாதனங்களைச் சோதித்து நட்சத்திரம் வழங்கிவருகிறது. மூன்று நட்சத்திரம் பெற பாக்டீரியாவிலும் ஒட்டுண்ணியிலும் 99.99 சதவீதமும், வைரஸில் 99.999 சதவீதமும் நீங்க வேண்டும். இரண்டு நட்சத்திரத்துக்கு முறையே 99, 99, 99.9. இரண்டு நட்சத்திர அளவை மூன்று வகைக் கிருமிகளில் இரண்டில் மட்டும் எட்டினால் ஒரு நட்சத்திரம். குளோரின் மாத்திரை ஒட்டுண்ணியிடம் தோற்பதையும், கேண்டில் வைரஸிடம் தோற்பதையும் நினைத்தால், வடிகட்டியபின் குளோரின் சேர்ப்பது ஏன் நல்ல இணை என்பது விளங்கும்.

தண்ணீரை அழுத்தி நுண்ணிய சவ்வு வழியே செலுத்தும் மின்சார ஆர்.ஓ. சுத்திகரிப்பானுக்கு ஒரு தனி இடம் உண்டு. ஈயம், ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றை இதுவரை சொன்ன முறைகள் எதுவும் நீக்காது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. இத்தகைய தண்ணீருக்கு ஆர்.ஓ. அவசியம். கிருமிதான் பிரச்சினை என்றால், வீணாக வடியும் தண்ணீரையும் சவ்வை மாற்றும் செலவையும் பார்க்கும்போது அது மிகை. சுடுதண்ணீர்க் குழாயும் சேர்ந்த மாதிரிகளில் சிவப்பு நெம்பின் பின்னால் சிறு பூட்டு ஒன்று வைத்திருப்பார்கள். ஒரே விரலால் தள்ளினால் திறக்கும் பூட்டு பெயருக்குத்தான் பூட்டு.

இந்தச் சாதனங்களோடு இலவசமாகவோ கூடுதலாகவோ தரப்படும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பேனா போன்ற இந்தக் கருவி தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். கிருமியை அது அறியாது. கழிவுநீர் கலந்த தண்ணீரும் அதில் நல்ல எண்ணைக் காட்டலாம். ஈயத்துக்கு வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், முழு எண்களை மட்டும் காட்டும் கருவியில் அதைப்போல் பல மடங்கு ஈயமும் தெரியாமலே போய்விடும். அதைவிட மோசம், இவற்றில் பல பட்டன் பேட்டரியில் இயங்குகின்றன. பேட்டரி அறையின் மூடி திருகு இல்லாமல் நகத்தாலேயே கழன்றுவிடுகிறது. உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடியது. கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு கருவிக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் விட வேண்டியதில்லை. தண்ணீரில் மலக்கலப்பு உண்டா என்று அறிய, ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்தால் கறுப்பாக மாறிக் காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி எவ்வளவோ மேல். அதையும் குழந்தைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும்.

குளியலறைப் பொருள்களில் முதலாவது வாளி. நீரில் மூழ்கி இறப்பவர்கள் என்றால் குளமும் ஆறும் நினைவுக்கு வரும். 2021-இல் உலகெங்கும் மூழ்கி இறந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பேரில் கிட்டத்தட்ட கால்பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். சிறு குழந்தைக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். எட்டிப் பார்க்கும் குழந்தையின் தலை கனமானது, கால் தரையை விட்டுவிடும்; தண்ணீர் நிறைந்த வாளி தன் எடையால் அசையாமல் நிற்பதால் குழந்தையோடு சேர்ந்து கவிழாது. சத்தமும் கேட்காது. மூடி இல்லாத வாளியைவிடத் திருகு மூடி உள்ள டிரம் மேல், அதைவிடப் பயன்படுத்தியதும் கவிழ்த்து வைத்த வாளி மேல். வெறுமனே மேலே பொருந்தி உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் மூடிகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சாய்ந்த குழந்தையின் எடைக்கு அவை அப்படியே உள்ளே இறங்கிவிடும்.

குழந்தைகள் உட்கார்ந்து மலம் கழிக்கும் சிறு பிளாஸ்டிக் இருக்கை பயனுள்ள பொருள். அடிப்பரப்பு அகலமாகவும், உள்கிண்ணம் தனியே எடுக்கக்கூடியதாகவும், மூலைகள் இல்லாமல் வளைவாகவும் இருந்தால் போதும். பாட்டுப் பாடுவது, பொம்மை முகம் இதெல்லாம் கழுவுவதற்கு இடைஞ்சல். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. கிண்ணத்தில் உள்ளதும் அதைக் கழுவிய தண்ணீரும் கழிப்பறைக்குள்தான் போக வேண்டும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு குளோரின் திரவத்தைச் சேர்த்துக் கழுவினால் நச்சு வாயு வெளிவரும் என்பதால், இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதையே தவிர்க்கலாம். கை கழுவக் காலால் மிதித்துத் தண்ணீர் விடும் சிறு தொட்டி நன்றாக வேலை செய்கிறது. சோப்பு வைக்கும் இடம் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். இந்த வீட்டில் குழந்தைக்கு எட்ட வேண்டியது அது ஒன்றுதான்.

பணம் ஒதுக்கும் வரிசையாகச் சொன்னால்: தானே மூடும் குழாயுள்ள கேன் முதலில், அதனுடன் குளோரின் மாத்திரை, அடுத்து பூட்டக்கூடிய ஓர் அலமாரி, பிறகு தண்ணீரின் கலங்கலைப் பொறுத்து வடிகட்டி. மின்சாரச் சுத்திகரிப்பான் அதற்கும் பின்னால்தான். ஆய்வுக்கூட அறிக்கையில் ஈயமோ ஆர்சனிக்கோ நைட்ரேட்டோ அளவு மீறியிருந்தால் மட்டும் அது முதலிடத்துக்கு வரும். அப்போதும் சுடுதண்ணீர்க் குழாய் இல்லாத மாதிரியையே வாங்குங்கள்.